நாலாயிரம் வாட்ஸ்

ஜனவரி 1

நேற்று மாலை தெருப் பொங்கல் விழாக் கமிட்டிக் கூட்டத்தில் நான் ஏழு முறை தலையாட்டியிருக்கிறேன். ஏழு என்பது என் மனைவி சாந்தாமணி சொன்ன எண்ணிக்கை. செயலாளர் வையாபுரி அண்ணனுக்குச் சளி. துண்டால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டே பேசினார். அவர் என்னைப் பார்த்தபோதெல்லாம் நானும் "ஆமாங்க, சரிங்க, செஞ்சுடலாங்க" என்றேன். ஒரு மனிதர் நம்மைப் பார்த்துப் பேசினால் தலையாட்டுவதுதானே மரியாதை? வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, இந்த வருடம் மைக்செட்டு என் பொறுப்பு என்று.

"நீங்களாத்தானுங்க ஒத்துக்கிட்டீங்க. வாடகைக்கு வேண்டாம், ஆம்ப்ளிஃபையர் ஒண்ணு சொந்தமாவே வாங்கிப்போடலாம்னு அவரு சொன்னாரு. அதுக்கும் தலையாட்டினீங்க."

"அதுக்குமா?"

"அதுக்குத்தான் ரெண்டு தரம்."

நூல் மண்டியில் இனாமாகக் கொடுத்த டைரி இது. அர்த்தநாரி, தறி ஓட்டுநர், குமாரபாளையம் என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன். ஒன்பதாவது ஃபெயில் என்று எழுத இடம் விடவில்லை.

ஜனவரி 2

எங்களுக்கு ஒரே மகள், கோகிலவாணி. பேர் வைத்தது நான். பிறந்த அன்று அவள் அழுத அழுகை அப்படி. அதற்குப் பிறகு அந்த அளவுக்கு அவள் வாய் திறக்கவே இல்லை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

போன பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டிகளை அறிவிக்க அவளை மேடை ஏற்றினார்கள். வாடகை மைக் கரகரத்தது. இவள் குரல் அதற்குள் போய் வெளியே வரவில்லை. கூட்டம் "சத்தம்! சத்தம்!" என்று கைதட்டிக் கத்தியது. பாதியில் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு வாரம் தெருவழியாகப் போகாமல் சந்து வழியாகப் போய்ப் பஸ் ஏறினாள்.

இந்த வருடமும் அவளைத்தான் கேட்டிருக்கிறார்கள். அறிவிப்போடு, தொடக்கத்தில் ஐந்து நிமிடம் வரவேற்புப் பேச்சும் பேச வேண்டும். முடியாது என்றுவிட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"இந்தத் தரம் மைக்செட்டு உங்கப்பன் பொறுப்பு சாமி. கடைசி வரிசையில குந்தியிருக்கறவனுக்கு நீ மூச்சு விடறதே கேக்கும். கேக்கலீன்னா என் பேரை மாத்தி வெச்சுக்கறேன்."

அவள் குனிந்தபடி ஏதோ சொன்னாள். சம்மதமாம். சாந்தாமணிதான் சொன்னாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாருமே வாய்க்குள்தான் பேசுகிறார்கள்.

ஜனவரி 4

ஈரோட்டுக்குப் போய் வாங்கி வந்துவிட்டேன்.

கடையில் வரிசையாக ஆம்ப்ளிஃபையர்கள் நீலமும் சிவப்புமாக மினுக்கிக்கொண்டிருந்தன. சின்னத் தேர்த்திருவிழா மாதிரி.

"எத்தனை பேருக்குங்ணா?" என்றார் கடைக்காரர்.

"ஒரு முந்நூறு பேருக்கு."

"அப்ப உங்களுக்கு இதுதானுங்ணா."

அவர் எடுத்து வைத்தது டிபன் பாக்ஸ் அளவுதான் இருந்தது. ஆனால் அட்டைப்பெட்டியில் தீப்பிழம்புக்கு நடுவே 4000 W என்று போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு சிங்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"நாலாயிரம் வாட்ஸுங்ணா. சன்னல் கண்ணாடியப் பத்திரமாப் பாத்துக்குங்க."

நான் சிங்கத்தைப் பார்த்தேன். சிங்கம் என்னைப் பார்த்தது. விலையும் சல்லிசு. வாங்கிவிட்டேன்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இரண்டு தேங்காய் எடைகூட இல்லை. காலம் முன்னேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தெருவுக்குள் நுழைந்ததிலிருந்து வீடு சேர்வதற்குள் பதினோரு பேரிடம் "நாலாயிரம் வாட்ஸ்" என்று சொல்லியாகிவிட்டது. வையாபுரி அண்ணன் என் தோளைத் தட்டினார்.

ஜனவரி 5

சாந்தாமணி குக்கரில் பருப்பு வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். மூன்று விசில் வந்ததும் அணைக்கச் சொன்னாள். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விசில் வரவில்லை, தீய்ந்த வாசனைதான் வந்தது. குக்கருக்கு வால்வு மாற்ற வேண்டும்.

ஜனவரி 6

கோகிலா இன்று டப்பாவைப் பிரித்தாள். நான் சிங்கத்தைக் காட்டினேன். அவள் சிங்கத்தைப் பார்க்காமல் டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பினாள். என்னை எதிரே உட்காரவைத்துக் கேட்டாள்.

"இதுல என்னங்கப்பா போட்டிருக்கு?"

"பன்னண்டு வோல்ட்டு, அஞ்சு ஆம்பியர்."

"ரெண்டையும் பெருக்குங்க."

"அறுபது."

"அது உள்ள போற அளவுங்கப்பா. உள்ள போறதே அறுபது வாட்ஸ்னா வெளிய நாலாயிரம் எப்படி வரும்?"

சிங்கத்தின் சார்பாக நான் வாதாடினேன். "உள்ளார போயிப் பெருகும் சாமி. அதுக்குத்தானே அதுக்கு ஆம்ப்ளிஃபையர்னு பேரு?"

"மைக்ல இருந்து வர்ற சத்தத்தைத்தான் பெருக்கும். அதுக்கு வேண்டிய பலம் இந்த அடாப்டர்ல இருந்துதான் வந்தாகோணும். அதுலயும் கொஞ்சம் சூடாப் போயிரும். நாப்பது வந்தாலே இது யோக்கியமான டப்பாங்கப்பா."

முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஒரு சொல் விடாமல் கேட்டது. எல்லாரும் இப்படிப் பேசினால் உலகத்தில் சண்டையே வராது.

நாற்பது! பதினோரு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 7

தறி மோட்டாரில் ஒரு தகடு இருக்கிறது. இருபத்தெட்டு வருடமாக அதன் பக்கத்தில் நிற்கிறேன், இன்றுதான் படித்தேன். ஒரு குதிரைத்திறன், 746 வாட்ஸ். நாலாயிரத்தை அதனால் வகுத்தேன். என் டிபன் பாக்ஸ் ஐந்து தறியை ஓட்டும். மீதியில் சாந்தாமணி மாவும் ஆட்டிக்கொள்ளலாம்.

மோட்டாரைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். டப்பாவை ஒரு விரலில் தொங்கவிடலாம். மோட்டாருக்கு வரும் ஒயர் சுண்டுவிரல் தடிமன். டப்பாவுக்கு வருவது பம்பரக் கயிறு. இதைப் பார்க்கப் பாலிடெக்னிக் படிக்க வேண்டியதில்லை, சிங்கத்தைப் பார்க்காமல் இருந்தாலே போதும்.

பட்டறைக்குள் தறி ஓடும்போது யார் கத்தினாலும் பிரயோசனமில்லை. உதடும் கையும்தான் பேசும். ஆறு தறிக்கு அப்பால் நின்ற மாதேசனிடம் உதட்டாலேயே விசயத்தைச் சொன்னேன். அவனும் அங்கிருந்தே உதட்டை அசைத்தான்.

"அந்த டப்பாவக் கொண்டாந்து இங்க மாட்டு. மொதலாளிக்குக் கரண்டு பில்லு மிச்சம்."

அவ்வளவு இரைச்சலிலும் எனக்கு ஒரு எழுத்து தப்பவில்லை. காது என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஜனவரி 8

கடைக்காரரிடம் போனில் கேட்கச் சொன்னாள் கோகிலா. எனக்குப் போனில் பேசுவது பிடிக்காது. மனிதன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். அரைநாள் லீவு போட்டு ஈரோட்டுக்குப் போனேன்.

"அது பீக் பவருங்ணா," என்றார் கடைக்காரர், கொஞ்சமும் கூசாமல்.

"அப்படீன்னா?"

"உச்சம்ங்ணா. கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள ஒரு எட்டு எட்டிப் பாக்கும்."

"நாலாயிரத்தையா?"

"எட்டிப் பாக்கும்னுதானுங்ணா சொன்னேன். போய்ச் சேரும்னா சொன்னேன்?"

"சரி, நெசமா எவ்வளவு?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை எப்படிங்ணா இருப்பாரு? கோட்டு, சூட்டு, செண்டு. அதுதான் பீக். மறுநாள் லுங்கியக் கட்டீட்டுக் கொல்லையில பல்லு வெளக்குவாரு பாருங்க, அதுதான் நெசம்."

"அந்த லுங்கி எத்தனை வாட்ஸு?"

"ஒரு நாப்பதுங்ணா."

எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் கல்யாணப் படம் ஞாபகம் வந்தது. இரவல் கோட்டு. அதற்குமேல் வாதாட எனக்கு யோக்கியதை இல்லை. பெரியதாக ஒன்று மாற்றிக் கேட்டேன். பெட்டியைப் பிரித்த பிறகு மாற்ற மாட்டார்களாம். சிங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

கோகிலாவோ கவலைப்படவே இல்லை. "நம்ம தெருவுக்கு நாப்பது தாராளமுங்கப்பா. வாட்ஸை ரெண்டு மடங்காக்கினாச் சத்தம் ஒரு பொடிதான் கூடும். சத்தம் ரெண்டு மடங்காத் தெரியோணும்னாப் பத்து மடங்கு வாட்ஸ் வேணும்."

எனக்குச் சமாதானமாகவில்லை. அவள் சின்னப் பிள்ளை. முந்நூறு பேர் கைதட்டிக் கத்தியதை மறந்துவிட்டாள் போல. நான் மறக்கவில்லை.

ஜனவரி 10

மொட்டை மாடியில் சோதனை. கமிட்டியின் பழைய ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டையும் தூக்கிவந்து மாட்டினோம். கோகிலா மைக்கைப் பிடித்து "ஒண்ணு, ரெண்டு" என்றாள். முணுமுணுப்புதான் வந்தது. கால்வாசி திருப்பினேன். அப்போதும் முணுமுணுப்பு. முக்கால்வாசிக்குக் கொண்டுபோனேன்.

திடீரென்று கோகிலா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டு நாய் வேனுக்கு அடியில் போய்ப் புகுந்தது. எதிர்வீட்டில் மூன்று பேர் வாசலுக்கு ஓடிவந்து காதைப் பொத்தினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அங்கே ஒரு சத்தமும் இல்லை.

"வீல்னு கத்துதுங்கப்பா! கொறைங்க!" என்று கோகிலாவின் உதடு சொன்னது. குறைத்தேன்.

வையாபுரி அண்ணன் படியேறி வந்தார். சளி குணமாகிவிட்டது, துண்டு இல்லை. "ஏம்ப்பா அர்த்தநாரி, ஆத்துப் பாலத்துல நடந்து வந்துட்டிருக்கேன், அங்க வரைக்கும் கேக்குது. நாலாயிரம்னாலும் இது தகுமாப்பா?"

என்னைக் குத்திக்காட்டுகிறார். நாற்பது என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

ஜனவரி 11

மைதானத்தில் சோதனை. கோகிலா மேடை இருக்கும் இடத்தில் நின்றுகொண்டாள். என்னைக் கடைசி வரிசை இருக்கும் இடத்துக்கு அனுப்பினாள். அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொல்வாள், கேட்டால் நான் கையைத் தூக்க வேண்டும். முதல் ஆறு எண்ணுக்கும் தூக்கிவிட்டேன். அவ்வளவு தூரத்திலும் அவள் உதடு நன்றாகத் தெரிந்தது.

பிறகு நோட்டை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். வெயில் கண்ணில் பட்டிருக்கும். நான் காத்திருந்தேன். பக்கத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். உடனே கையைத் தூக்கினேன். மறுபடி காத்திருந்தேன். இந்த முறை யாரும் திரும்பவில்லை, பழகிவிட்டார்கள். உத்தேசமாக ஒரு தரம் தூக்கிவைத்தேன்.

கிட்டே போய் "டப்பா போதாது சாமி" என்றேன். அவள் நோட்டை மூடினாள். "டப்பா நல்லாத்தானுங்கப்பா இருக்குது" என்றாள். வீட்டுக்கு வரும்வரை வேறு எதுவும் பேசவில்லை. பேசினாளோ என்னவோ, எனக்கு இடது பக்கமாக நடந்து வந்தாள்.

ஜனவரி 12

ஈரோட்டில் காது டாக்டர் ஒருத்தர் இருக்கிறாராம். பொங்கல் கழிந்து போய் வரலாமா என்று கோகிலா கேட்டாள். எதற்கு என்றேன். "சும்மாதானுங்கப்பா. நெசமான வாட்ஸ் எத்தனைன்னு பாத்துட்டு வந்துடலாம்."

தறிக்கு எண்ணெய் போட வேண்டும் என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். தறிக்கு நேற்றுத்தான் எண்ணெய் போட்டேன்.

ஜனவரி 13

பொங்கலுக்காக இன்று மதியத்தோடு எல்லாப் பட்டறையும் நின்றது. ஊரே அமைதியாகிவிட்டது என்று சாந்தாமணி சொல்கிறாள். எனக்கு மட்டும் காதுக்குள் ஒரு தறி ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்கு முதலாளி யார் என்று தெரியவில்லை.

ஜனவரி 14

வரவேற்புப் பேச்சைக் கோகிலா எழுதி வைத்திருக்கிறாள். காட்ட மாட்டாளாம், மேடையில்தான் கேட்க வேண்டுமாம். ஒத்திகைக்கு முதல் பத்தியை மட்டும் பேசிக்காட்டினாள். மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்தாள். பாதி முகத்தைக் காணோம்.

"மைக்கை மோவாய்க்குக் கீழ பிடி சாமி."

"வாய்க்கிட்ட வெச்சாத்தானுங்கப்பா இந்த நாப்பது வாட்ஸ் பத்தும். கீழ எறக்கினா வால்யூமக் கூட்டோணும். கூட்டினாக் கத்த ஆரம்பிச்சுரும்."

"மூஞ்சி தெரியோணுமல்ல? போட்டோ எடுப்பாங்க."

எந்தப் போட்டோ என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சரிங்கப்பா. கீழயே பிடிக்கறேன்" என்றாள்.

ஜனவரி 15

பொங்கல். பால் பொங்கியது. "பொங்கலோ பொங்கல்" சொன்னோம். நான் சொன்ன சத்தத்தில் சாந்தாமணி கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

ஜனவரி 16

விழா முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் நாலு மணிக்கே மைதானம் நிறைந்துவிட்டது. மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, அதன்மேல் டப்பா, அதன் பின்னால் நான். அட்டைப்பெட்டியைக் கொண்டுபோகவில்லை. ஆனாலும் வையாபுரி அண்ணன் மேடையில் ஏறியதும் என்னைக் காட்டி நான்கு விரலை விரித்தார். கூட்டம் கைதட்டியது. நாலாயிரத்துக்காக எழுந்து கும்பிட்டேன். வேறென்ன செய்வது?

பிறகு கோகிலா வந்தாள். பச்சைத் தாவணி. கையில் காகிதம். என்னைத் திரும்பிப் பார்த்தாள். மைக்கை மோவாய்க்குக் கீழே, சொன்ன சொல் தவறாமல் பிடித்துக்கொண்டாள். "எல்லாருக்கும் வணக்கமுங்க" என்றாள். எனக்கு நன்றாகப் புரிந்தது. "எங்க தெருவுல" என்று அடுத்ததைத் தொடங்கினாள். அதுவும் புரிந்தது.

கூட்டத்தைப் பார்த்தேன். கடைசி வரிசையில் நாலைந்து பேர் காதுக்குப் பின்னால் கையை வைத்திருந்தார்கள். நடுவில் ஒருத்தன் எழுந்து நின்றான். அவன் வாயைப் படித்தேன். "சத்தம்." பக்கத்தில் இருந்தவனும் எழுந்தான். "சத்தம்! சத்தம்!" கைகள் தட்ட ஆரம்பித்தன.

வால்யூமைக் கூட்டினேன். முன்வரிசை மொத்தமும் காதைப் பொத்தியது. வீலென்று கத்துகிறது என்று அர்த்தம். குறைத்தேன். மறுபடி "சத்தம்!" கோகிலாவின் முகம் போன வருடத்து முகமாக மாறிக்கொண்டிருந்தது. ஒரு கால் பின்னால் போய்விட்டது. மைக் மட்டும் மோவாய்க்குக் கீழேயே இருந்தது. கூட்டம் கத்தினாலும், கால் பின்வாங்கினாலும், அதை மேலே கொண்டுபோக மாட்டாளாம். யாருக்காக என்பது எனக்கா தெரியாது?

மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றேன். முஷ்டியை மடக்கி என் உதட்டில் வைத்துக் காட்டினேன். பட்டறையில் டீ குடிக்கப் போகலாம் என்பதற்கு இதுதான் சைகை. கூட்டத்தில் இருந்த தறிக்காரர்கள் எல்லாம் இந்த நேரத்தில் டீயா என்று என்னைப் பார்த்தார்கள். கோகிலாவும் பார்த்தாள். வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினாள். நான் முஷ்டியை இன்னும் அழுத்தி வைத்தேன். உதடு வலித்தது.

மைக்கை மேலே கொண்டுபோனாள். வாய் மறைந்தது.

எழுந்து நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். தட்டின கைகள் மடிக்குப் போயின. கடைசி வரிசை வரைக்கும் ஒரு தலை அசையவில்லை. நாற்பது வாட்ஸ் போதும் என்று அவள் சொன்னது சரிதான். ஐந்து நிமிடம் என்றார்கள், பத்து நிமிடம் பேசினாள். நடுவில் ஒரு தரம் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு ஒரு நேரத்தில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அவளும் மைக்கின் மேல்பக்கமாக என்னைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்தது இரண்டு கண் மட்டும்.

முந்நூறு பேர் பார்க்கும்போது சும்மா நிற்க முடியுமா? பல் தெரியச் சிரித்துவைத்தேன். தலையையும் ஆட்டினேன்.

ஜனவரி 17

அப்படி என்னதான் பேசினாள் என்று தெரிந்துகொள்ள இன்று காலையிலிருந்து தூண்டில் போட்டேன்.

டீக்கடையில் மாதேசன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "பொண்ணுன்னா உன்ற பொண்ணுதாண்டா. எனக்குத் தொண்டைய அடைச்சிருச்சு."

"எந்த எடத்துல அடைச்சுது?"

"அந்த எடத்துலதான்." மூக்கைச் சிந்திவிட்டுப் போய்விட்டான்.

வையாபுரி அண்ணன், "அந்தத் தறி விசயத்தச் சொன்னா பாரு! நானெல்லாம் அப்படி ஒருநாளும் நெனச்சதில்லப்பா" என்றார். எந்தத் தறி விசயம்? இருபத்தெட்டு வருடத்தில் தறி விசயம் ஆயிரம் இருக்கிறது. "ஆமாங்க, அதைச் சொன்னா பாருங்க" என்று நானும் வியந்துவிட்டு வந்தேன்.

சாந்தாமணியிடம் வந்தேன். "பேச்சு எப்படி?" என்றேன், தெரிந்தவன் மாதிரி.

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். "ஊரே கண்ணைத் தொடைச்சுட்டிருக்குது, நீங்க ஒரு ஆளு மட்டும் இளிச்சுட்டு நின்னீங்களே. ஏனுங்க, அது சிரிக்கற எடமா?"

சாயங்காலம் கோகிலா ஒயர்களைச் சுருட்டி எடுத்து வைத்தாள். டப்பாவைத் துடைத்து, சிங்கத்துக்குள் வைத்து மூடினாள். பிறகு முக்காலியை இழுத்துப்போட்டு எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"நேத்து நான் உங்களப் பத்திப் பேசுனது, உங்களுக்குப் பிடிச்சுதுங்களாப்பா?"

"பிடிக்காம? மைக்செட்டு யாருது? கடைசி வரிசை வரைக்கும் கணீர்னு கேட்டுதல்ல!"

அவள் எழுந்து போகவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கும் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனாலும் நான் டப்பாவைப் பற்றியே இன்னும் கொஞ்ச நேரம் பேசினேன். அவள் விளக்குப் போட எழுந்து போனாள். நாக்கு நுனியில் நின்றதை இங்கேதான் எழுத முடிகிறது.

எனக்குக் கேக்கல சாமி. மைக் இல்லாம, மூஞ்சியக் காட்டி, இன்னொரு தரம் சொல்லு.